பக்கத்து வீட்டில் வாங்கு

திங்கட்கிழமை கழித்தல்.
நாற்பத்திரண்டில் பதினேழு போக.
இரண்டில் ஏழு போகாது, என்றேன்,
பக்கத்து வீட்டில் ஒன்று வாங்கு.
பதினொரு தலைகள் குனிந்து வாங்கின.
நான்கு மூன்றாய் இளைத்தது,
இரண்டு பன்னிரண்டாய் நிமிர்ந்தது.
கரி அடுப்பு இருமியது.
ஜன்னலோரம் காயும் கையுறைகளிலிருந்து
ஈரக் கம்பளி வாசம்.
மணி எட்டரை;
அத்-பாஷி மலைகளுக்கு இன்னும் விடியவில்லை.

செவ்வாய், தீக்குச்சிகளைக் கட்டினோம்,
பத்துப் பத்தாக, ரப்பர் வளையம் போட்டு.
கடன் என்றால் ஒரு கட்டை அவிழ்ப்பது.
நன்றாகத்தான் போனது,
எல்தியார் இரண்டு குச்சிகளால் பல் குத்தித்
தொலைக்கும்வரை.
கணக்கு உதைத்தது.
எல்லோரும் தரையில் தவழ்ந்து தேட
மணி அடித்துவிட்டது.

புதன்கிழமை பூஜ்யம் வந்தது.
முந்நூற்று இரண்டில்
நூற்று நாற்பத்தெட்டு போக.
"பக்கத்து வீட்டில் யாருமே இல்லை, எஜே,"
என்றான் தாலாய்.
அதற்கடுத்த வீட்டுக்குப் போ.
நூறு கொடுக்கும், பூஜ்யம் வாங்கும்,
உனக்கு ஒன்று தந்து
ஒன்பதைத் தானே வைத்துக்கொள்ளும்.
"நேற்றுவரை ஒன்றும் இல்லாதவன்
நடுவில் நின்றதற்கே ஒன்பதா?"
வகுப்பு சிரித்தது.
தாலாய் சிரிக்கவில்லை, அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

பெர்மெத் கை தூக்கினாள்,
கீழே போட்டாள்,
மறுபடி தூக்கினாள்.
"திருப்பிக் கொடுப்பதை
எந்த வரியில் எழுதணும்?"

எனக்கு வயது இருபத்து மூன்று.
நாரின் பயிற்சிக் கல்லூரியில்
வண்ணச் சுண்ணக்கட்டி எப்போது எடுப்பது,
கடைசி பெஞ்சின் கண் எங்கே ஓடும்,
எல்லாம் சொல்லித் தந்தார்கள்.
இந்த வரி எந்த வழிகாட்டியிலும் இல்லை.
"கழித்தலில் திருப்பித் தருவதில்லை," என்றேன்.
பெர்மெத் என்னைப் பார்த்தாள்,
ரொட்டி தீர்ந்த கடையைப் பார்ப்பதுபோல்.

வியாழன் பனிப்புயல், பள்ளி இல்லை.
மின்சாரமும் இல்லை.
மெழுகுவத்தி வாங்க சோனுன்புபு கடைக்குப் போனேன்.
ஆணியில் தொங்கும் கடன் நோட்டு
கல்லாவின் மேல் விரிந்து கிடந்தது.
பெர்மெத்தின் அம்மா பெயருக்கு எதிரே
மாவு, எண்ணெய், மாவு, சீனி, மாவு,
கட்டம்போட்ட நோட்டு இரண்டு.
யெகாதெரின்பர்க்கில் அப்பா சுமக்கும் செங்கல்
பணமாகி வந்தால் ஒரே கோடு, எல்லாம் அடிபடும்.
வராத மாதம் பக்கம் புரளும்.
என் பெயரிலும் நான்கு வரி இருந்தது.
சம்பளம் இருபதாம் தேதி.
கூட்டலில் சோனுன்புபு தவறியிருந்தாள்,
எனக்கு லாபமாய்ப் பதினெட்டு சோம்.
சொன்னேன்.
புதன்கிழமை இல்லாதிருந்தால்
சொல்லியிருப்பேனா தெரியாது.

வெள்ளி, ஐந்து கணக்கில் சிறு தேர்வு.
கனிம்ஜான் மேலே எது கீழே எது என்று பாராமல்
பெரியதில் சிறியதைக் கழித்துக்கொண்டே போயிருந்தாள்.
ஒருவரிடமும் கடன் வாங்காத மானஸ்தி.
ஐந்தும் தப்பு.
எல்தியாருக்கு மூன்று சரி, ஓர் ஓரத்தில் ஆடு.
தாலாய் பூஜ்யத்தை அடித்து ஒன்பதாக்கி
அதற்குக் கூரை போட்டு
புகைபோக்கியும் வைத்திருந்தான்.

பெர்மெத்துக்கு ஐந்தும் சரி.
கீழே, நான் கேட்காத ஆறாவது கணக்கு:
நூற்று ஐம்பத்து நான்கும்
நூற்று நாற்பத்தெட்டும் கூட்டினால்.
சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு
விரலால் போட்டுப் பார்த்தேன்.
நான்கும் எட்டும் பன்னிரண்டு,
இரண்டு இங்கே, ஒன்று பக்கத்து வீட்டுக்கு.
ஐந்தும் நான்கும், வந்த ஒன்றும் பத்து,
பூஜ்யம் இங்கே, ஒன்று அடுத்த வீட்டுக்கு.
முந்நூற்று இரண்டு.
பக்கத்தில், கட்டத்துக்குள் அடங்காத எழுத்தில்:
கொடுத்தாச்சு.

ஆறாவதற்கு மதிப்பெண் போட இடமில்லை.
கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
குளிர்ந்தது. அடுப்பில் கரி தீர்ந்திருந்தது.
வாளியை எடுத்துக்கொண்டு போய்
இரண்டாம் வகுப்பின் கதவைத் தட்டினேன்.